நிறமா? திறமா?

பொருநையாறு கடலோடு கலக்கும் பகுதியில் காயல் என்னும் பெயர் தாங்கிய ஊர்கள் மூன்று உள்ளன. ஒன்று காயல்பட்டினம், மற்றொன்று பழையகாயல், பிறிதொன்று புன்னைக்காயல். எழுநூறு ஆண்டுகட்கு முன்பு இக்காயற்கரை பாண்டிநாட்டின் கடல்வாயிலாய் விளங்கிற்று. இங்கிருந்து முத்து வெளியே போயிற்று. குதிரை உள்ளே வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்டு சென்ற வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து வரும் மரக்கலங்கள் குதிரைகளோடு காயலில் தங்குவதை எழுதிவைத்துள்ளார். இந்நாட்டு மன்னர் ஒருவர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினார் என்றும், ஆண்டின் முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சுவதில்லை என்றும் அவர் கூறுகின்றார். கரணியம் யாது? குதிரையைப் பேணத் தெரிந்தவர் இங்கு இல்லை. தெரிந்தவர் எவரையும் இங்கு வரவிடாமல் விற்பனையாளர் பார்த்துக்கொண்டனர். செத்தால்தானே மீண்டும் விற்கலாம்! பாரசீக வரலாற்றாசிரியர் வாசாபு, ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் இப்பக்கத்துத் துறைகளில் இறங்கின என்றும், தலைக்கு 220 பொற்காசு விலை என்றும் குறித்துள்ளார்.

ஓர் உயிரினத்தை விலைகொடுத்து வாங்குவது வேறு. அதனை வளர்த்தெடுக்கும் அறிவைத் தனதாக்கிக்கொள்வது வேறு. முன்னதை மட்டும் செய்த நாடு பொன்னை இழந்தது, குதிரையையும் இழந்தது. காயற்கரை நமக்குக் கற்பித்த பாடம் இது. எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் நாம் அதனைக் கற்றுக்கொண்டோமா என்பதை, இன்று குதிரையைவிட எளிய ஓர் உயிரை வைத்துப் பார்ப்போம். அவ்வுயிர் நாய்.

தமிழ்மீட்சி பேசும் இதழுக்கு நாய்வளர்ப்பில் என்ன வேலை என வினவுவார் இருப்பர். மொழி காற்றில் வாழ்வதில்லை, மண்ணில் வாழ்கிறது. அம்மண்ணின் நெல்லும் பனையும் ஏறும் நாயும் அழிந்தபின், அவற்றைச் சுட்டிய சொற்கள் அகரமுதலியில் மட்டுமே கிடக்கும். நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்குக் 'குருளை' எனப் பெயர் வகுத்தது தொல்காப்பிய மரபியல். நாயின் பெண்ணுக்குப் 'பிணவு' என்றும் 'பாட்டி' என்றும் பெயர் தந்தது. ஞமலி என்றும் ஞாளி என்றும் கழக இலக்கியம் வழங்கிற்று. இத்தனை பெயரிட்டு அழைத்த இனம், அவ்வுயிரை எத்துணை நுட்பமாய் அறிந்திருத்தல் வேண்டும்! அந்த அறிவு இன்று எங்கே போயிற்று என்பதே நம் வினா.

தமிழகத்துக்கெனத் தனி நாயினங்கள் உண்டு. விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம், அம்மாவட்டத்துச் சிப்பிப்பாறை, தேனி மாவட்டத்துக் கோம்பை ஆகியவை ஊர்ப்பெயரால் அறியப்பட்டவை. நம் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவிற்பட்டி, கழுகுமலைக் கரிசற் பகுதிகளிலும் அவற்றை அடுத்த நெல்லை, விருதுநகர்ப் பகுதிகளிலும் வளர்வது கன்னி. மணமகளுக்குச் சீராகக் கொடுக்கப்பட்டமையால் அப்பெயர் வந்தது என்பர். நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, குறுமயிர், கூர்மூக்கு: வெயிலும் முள்ளும் வறட்சியும் செதுக்கிய உடல் அது. கரிசலிலும் தேரியின் செம்மணலிலும் முயலைத் துரத்திப் பிடித்த கால் அது. அரபு நாட்டுச் சலூக்கி நாயின் வழியில் வந்தது என்பாரும் உளர். எவ்வழியில் வந்ததாயினும், நூறு தலைமுறையாக இம்மண்ணில் ஓடி, இம்மண்ணின் கூழை உண்டு, இம்மண்ணுக்கேற்ப உருக்கொண்ட உயிர் இம்மண்ணின் உயிரே.

இவற்றை விட்டுவிட்டு நம்மவர் வாங்குவன யாவை? பனிநிலத்தில் வண்டி இழுக்கப் பிறந்த, இருமடி மயிர்ப்போர்வை கொண்ட சைபீரிய அசுக்கி. மூச்சுவிடவும் திணறும் சப்பை மூக்குப் பக்கு. தூத்துக்குடி வெயிலில் அவை குளிரூட்டிய அறைக்குள் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கின்றன. அன்று குதிரை, இன்று நாய். இந்த அயல்மோகத்தை நாம் பலகாலும் கண்டித்துள்ளோம். இம்முறை அதனினும் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. நாட்டு நாயை விரும்பி வளர்ப்போரிடமே ஒரு பிழை புகுந்துள்ளது. அவர்கள் நாயைப் பார்ப்பதில்லை. நாயின் நிறத்தைப் பார்க்கிறார்கள்.

இராசபாளைய நாய் என்றால் பால்வெள்ளை மேனி, இளஞ்சிவப்பு மூக்கு என்பது சந்தையின் வரையறை. அதே தாயின் வயிற்றில் கருமையோ பழுப்போ கலந்த குருளை பிறந்தால், அது 'கலப்பு' எனத் தள்ளப்படுகிறது. பிறந்த அன்றே அத்தகைய குருளைகளைக் கொன்றுவிடும் கொடுமை நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. தாயும் ஒன்று, தந்தையும் ஒன்று, கருவும் ஒன்று. மயிரின் நிறம் மட்டும் வேறு. அதற்காக உயிர் போக வேண்டும்!

இந்த வெள்ளை மோகத்துக்கு இயற்கை வாங்கும் விலை என்ன என்பதை அறிவியல் தெளிவாகச் சொல்கிறது. கருவில் உடல் உருவாகும்போது, நிறம் தரும் உயிரணுக்கள் முதுகுப்புறத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. அவை போய்ச் சேரும் இடங்களுள் உட்செவியும் ஒன்று. அங்கே அவற்றின் வேலை அழகு செய்வதன்று. கேள்வி நரம்பணுக்களை வாழவைக்கும் குருதிநாளப் படலத்தைக் காப்பது. வெள்ளையை மேன்மேலும் தேர்ந்தெடுக்கும்போது நிற உயிரணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன. அவை உட்செவியை எட்டாத குருளைக்கு, பிறந்த மூன்று நான்கு வாரங்களில் அப்படலம் சிதைகிறது. அதனோடு கேள்வியும் அழிகிறது. அழிந்தது மீளாது.

வெள்ளை நாயெல்லாம் செவிடு என்று நாம் கூறவில்லை. வெள்ளையை மட்டுமே பார்த்து இணைசேர்ப்பவன் செவிட்டையும் சேர்த்தே வளர்க்கிறான் என்கிறோம். இராசபாளைய நாய்களிடையே செவிட்டுக் குருளைகள் பிறப்பது வளர்ப்போர் அறியாததன்று. இரு செவியும் கேளாத குருளையை எளிதில் கண்டுகொள்ளலாம். ஒரு செவி மட்டும் கேளாத நாயை உடையவனும் அறிவதில்லை. அது நல்ல நாய் போலவே நடமாடும். வெள்ளை வெளேரென்று இருப்பதால் கண்காட்சியிலும் பரிசு பெறும். பரிசு பெற்றதால் பல பிணவுகளோடு சேர்க்கப்படும். தன் குறையை அடுத்த தலைமுறைக்கு விதைக்கும். வேட்டுவனின் மெல்லிய சீழ்க்கையைக் கேட்டுத் திரும்ப வேண்டிய நாய், இரவில் வேலியோரக் காலடியைக் கேட்டுக் குரைக்க வேண்டிய நாய், கேளாத நாயாய் வாயிலில் நிற்கிறது. அதற்குப் பெயர் தூய இனம்!

இப்பிழை எப்போது, எப்படிப் புகுந்தது? முன்னாளில் நாயைத் தேர்ந்தெடுத்தது காடு. முயலை எட்டிப் பிடித்த நாய் பாராட்டப்பட்டது. ஆட்டுக்கிடையை இரவெல்லாம் காத்த நாய்க்கு நல்ல இணை தேடப்பட்டது. ஓடாத நாயையும் கேளாத நாயையும் எவரும் இணைசேர்க்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்க் காப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. காட்டுயிரைக் காக்க அச்சட்டம் வேண்டியதே, அதனைக் குறைகூறோம். ஆனால் வேட்டை நின்றபோது, நாயைத் தேர்ந்தெடுத்த அளவுகோலும் உடன் நின்றுவிட்டது. அவ்விடத்தில் வேறோர் அளவுகோலை நாம் வைக்கவில்லை. வெற்றிடத்தில் சந்தை புகுந்தது. காலைப் பார்த்த கண் தோலைப் பார்க்கத் தொடங்கியது.

நம் முன்னோர் நாயை எதனால் அளந்தனர் என்பதற்குக் கல்லே சான்று பகர்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவர் மகேந்திரவருமன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது, ஏழாம் நூற்றாண்டினது. ஆநிரை காத்து மாண்ட வீரன் கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். அவ்வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வனைக் கடித்துக் காத்து நின்றது அதன் செயல். பெயரும் செயலும் கல்லில் உள்ளன, நிறம் இல்லை! வெள்ளையா, கருப்பா, செவலையா என்று அக்கல்லை நட்டவன் எண்ணவே இல்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு மேலாகக் கோவிவன் வாழ்வது திறத்தால், நிறத்தால் அன்று.

அப்படியாயின் நிறத்தைக் கொண்டு இனத்தை வரையறுக்கும் இந்நெறி எங்கிருந்து வந்தது? 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-இல் 'கென்னல் கிளப்' என்னும் நாய்க்கழகம் அங்கே தோன்றியது. நாய் செய்யும் வேலையை மறந்து, நாய் நிற்கும் தோற்றத்துக்கு மதிப்பெண் இடும் வழக்கம் அதன்பின் உலகெங்கும் பரவிற்று. அவ்வழக்கம் பிறந்த மண்ணிலேயே அதன் விளைவு வெளிப்பட்டுவிட்டது. தோற்றத்துக்காகவும் உறவுச் சேர்க்கையாலும் நாயினங்கள் நோயில் வீழ்ந்ததை 2008-இல் பி.பி.சி. தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. அதன்பின் தாய்-மகன், தந்தை-மகள், உடன்பிறப்புச் சேர்க்கையில் பிறக்கும் குருளைகளைப் பதியமாட்டோம் என்று அக்கழகமே 2009-இல் நெறி வகுத்தது. இன வரையறைகளையும் திருத்தியது. அவர்கள் கழற்றி எறியும் சட்டையை நாம் எடுத்துப் போட்டுக்கொள்கிறோம்.

புள்ளி நாயாகிய தால்மேசியன் கதை நமக்கு நேர்ப்பாடம். வெள்ளைத் தோலில் கரும்புள்ளி அழகாக விழ வேண்டும் என்றே அதனைத் தேர்ந்தெடுத்தனர். அமெரிக்க ஆய்வுகளில் அவ்வினத்து நாய்கள் 100-க்கு ஏறத்தாழ 30 ஒரு செவியிலோ இரு செவியிலோ கேளாதவை எனத் தெரிந்தது. மேலும், சிறுநீரில் கல் உண்டாக்கும் ஒரு மரபணுக் குறை அவ்வினம் முழுவதிலும் பரவிவிட்டது. குறையற்ற நாய் ஒன்றுகூட எஞ்சவில்லை. 1973-இல் சைபிள் என்னும் அமெரிக்க மரபியலறிஞர், ஒரே ஒரு முறை, பாயிண்டர் இனத்து நாயொன்றைச் சேர்த்து அக்குறையற்ற வழியை உண்டாக்கினார். தலைமுறைகள் கழிந்தபின் அவ்வழியில் பிறந்தவை எவ்வகையிலும் தால்மேசியனாகவே இருந்தன. எனினும் 'கலப்பு' எனக் கூச்சலிட்டு அவற்றைப் பதிய மறுத்தனர் பலர். அமெரிக்க நாய்க்கழகம் அவற்றை முழுமையாக ஏற்க 2011 வரை ஆயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், பெயரளவுத் தூய்மைக்காக நாய்கள் நோயுற்றன.

இதற்கு மாறாகக் காயலுக்கு எதிர்க்கரையைப் பாருங்கள். நம் துறைகளுக்குக் குதிரை அனுப்பிய அரபு நாட்டில், பாலைவாணர் சலூக்கியை விரைவாலும் தாங்கும் ஆற்றலாலும் தேர்ந்தனர். அவ்வினத்தில் வெண்மையும் உண்டு, பொன்மையும் உண்டு, செம்மையும் உண்டு, கருமையும் உண்டு. நிறம் பலவாயினும் இனம் ஒன்றாகவே நிலைத்தது.

ஈண்டு ஒரு வினா எழும். "மொழியில் தூய்மை பேசுகின்ற நீவிர், நாயில் மட்டும் தூய்மையை ஏன் எதிர்க்கிறீர்?" முறையான வினா, மறைக்காமல் விடையிறுப்போம். தனித்தமிழ் என்பது தன் வேரினின்று தழைக்கும் ஆற்றல். நெல்லைச் சொல்லும் கொங்குச் சொல்லும் ஈழத்துச் சொல்லும் நம் வேரில் முளைத்தவை. அவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டுவதற்குத் தூய்மை என்று பெயரில்லை. அஃது மொழியைச் செவிடாக்கும் வேலை. அதுபோல், இராசபாளையப் பிணவின் வயிற்றில் பிறந்த பழுப்புக் குருளை வேற்றினம் அன்று, நம் குருளையே. அதனைக் கொல்வது இனத்தைக் காப்பதாகாது. இனத்தின் குருதிவளத்தில் பாதியைக் குழியில் இட்டு மூடுவதாகும்.

மேலும் ஒன்று. வருணம் என்னும் வடசொல்லுக்கு நிறம் என்பதே பொருள். பிறப்பையும் நிறத்தையும் காட்டி மாந்தரை மேல் கீழ் எனப் பிரித்த கொடுமையை எதிர்த்து நிற்பது நம் இயக்கம். தெருவில் நிறப்பிரிவை எதிர்த்துவிட்டு, கொட்டிலில் அதனை நடத்துவோமாயின் நம் கொள்கை எங்கே நிற்கிறது?

கன்னி, சிப்பிப்பாறை என்னும் இரண்டையும் பற்றியும் இக்கருத்தோடு எண்ணிப் பார்க்க வேண்டும். உடலமைப்பில் அவை மிக நெருங்கியவை; ஓட்டமும் ஒன்று; வளரும் நிலமும் அடுத்தடுத்தது. கருமையும் செம்பழுப்பும் கொண்டது கன்னி, ஏனைய நிறத்தது சிப்பிப்பாறை எனப் பிரித்து வழங்குவோர் பலர். இரண்டும் ஒன்றா, வேறா என்பதை மரபணு ஆய்வும் ஊர்ப் பட்டறிவும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நிறம் ஒன்றை மட்டும் வேலியாக்கி, ஏற்கெனவே சிறுத்துவிட்ட கூட்டத்தை இரண்டாகப் பிளந்தால், இரு பக்கமும் உறவுக்குள்ளேயே இணைசேர்க்க நேரும். குறை பெருகும், குட்டி மெலியும், இரண்டும் அழியும்.

அரசின் பக்கம் நடந்தது என்ன? 1980-களின் தொடக்கத்தில் நாட்டு நாயினங்களைக் காக்கச் சென்னை சைதாப்பேட்டையில் அரசு ஓர் இனப்பெருக்கப் பிரிவை நிறுவியது. நல்ல நோக்கம், பேணியமுறை போதாது. விலங்குநல அமைப்புகள் தொடுத்த வழக்கில் 2016-இல் சென்னை உயர்முறைமன்றம் அதனை மூட ஆணையிட்டது. 2005-இல் இராசபாளைய நாய்க்கு இந்திய அஞ்சல்துறை தலை வெளியிட்டது. அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள நடுவண் கால்நடை மரபுவளப் பணியகம் முதன்முறையாக நாயினங்களைப் பதிந்தபோது, இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கருநாடகத்து முதோலும் இடம்பெற்றன. 2017-இல் ஏறு தழுவுதலுக்காகக் கடற்கரையில் திரண்ட இளைஞர் கூட்டம் நாட்டு மாட்டின் பெயர்களை ஊரறியச் செய்தது. அஞ்சல்தலையும் பதிவும் பெருமையும் நன்றே. ஆனால் அஞ்சல்தலையில் உள்ள நாய்க்குச் செவி கேட்க வேண்டியதில்லை. ஆட்டுப்பட்டியில் உள்ள நாய்க்குக் கேட்க வேண்டும்.

எனவே செய்ய வேண்டுவனவற்றை வரிசைப்படுத்திக் கூறுகின்றோம்.

முதலாவது, நிறம் குற்றமாகக் கருதப்படும் நிலை ஒழிய வேண்டும். இராசபாளையப் பெற்றோருக்குப் பிறந்த குருளை எந்நிறமாயினும் இராசபாளையம் எனப் பதியப்பட வேண்டும். நிறத்துக்காகக் குருளையைக் கொல்பவனை நாய் வளர்ப்போர் தம் கூட்டத்தினின்று விலக்க வேண்டும்.

இரண்டாவது, செவியாய்வு. காதருகே ஒலியெழுப்பி மூளையின் மின்னலையைப் பதியும் ஆய்வினால் ஒருசெவிக் குறையையும் ஐந்தாறு வார அகவையிலேயே கண்டறியலாம். 2017-ஆம் ஆண்டின் நாயினப்பெருக்க நெறிமுறைகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குருளையை விற்கக்கூடாது. ஆகவே ஆறாம் வாரத்தில் ஆய்ந்து, எட்டாம் வாரத்தில் சான்றோடு கொடுக்கத் தடையேதும் இல்லை. அதற்கான கருவியைத் தென்மாவட்டக் கால்நடை மருத்துவமனைகளில் அரசு வைக்க வேண்டும். ஒரு செவி கேளாததாயினும் அந்நாயை வளர்க்கலாம், அன்பு காட்டலாம், இணைசேர்க்கலாகாது.

மூன்றாவது, வழிமுறைப் பொத்தகம். எந்த நாய்க்கு எது தாய், எது தந்தை என்பதைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும். அப்பொத்தகம் பூட்டிய பெட்டியாக இராமல், சான்றிதழ் இல்லாத நல்ல சிற்றூர் நாய்களையும் ஆய்ந்து ஏற்பதாக இருத்தல் வேண்டும். கரிசற்காட்டு இடையரின் கிடையில் காவல் காக்கும் பெயரறியா நாயிடம், கண்காட்சி நாய் இழந்துவிட்ட வலிமை இன்னும் இருக்கிறது.

நான்காவது, இன வரையறையை நாமே எழுத வேண்டும். அயல்நாட்டுப் படிவத்தை மொழிபெயர்த்து வைப்பது வரையறை ஆகாது. நலம், செவி, கண், ஓட்டம், வெயில் தாங்கும் உடல், காவற்பண்பு, குருளையைப் பேணும் தாய்மை என்னும் வரிசையில் மதிப்பெண் இடுக. இவையனைத்துக்கும் பின்னர், கடைசி வரியில் நிறத்தை எழுதுக. எழுதும்போது கால்நடை அறிஞரோடு, தலைமுறைகளாக நாய் வளர்த்த உழவரும் இடையரும் உடனமர வேண்டும். அவர்கள் பேசும் தமிழே அவ்வரையறையின் மொழியாக வேண்டும்.

தமிழிளைஞரே! நாட்டு நாய் வாங்கப் போகும்போது "வெள்ளையாக இருக்கிறதா?" என்று கேட்பதை விடுங்கள். அதன் முதுகுப்புறம் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். திரும்பிப் பார்க்கிறதா எனப் பாருங்கள். பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் பழுப்புக் குருளை திரும்பிப் பார்த்தால் அதனைத் தூக்கி வாருங்கள். வாங்குபவன் கேட்கும் கேள்வி மாறினால் விற்பவன் செய்யும் கொலை நிற்கும்.

காயற்றுறையில் பொன் கொடுத்துக் குதிரை வாங்கிய நாடு, குதிரையை வளர்க்கும் அறிவை வாங்கவில்லை. நாய் அப்படியன்று, நாயும் நம்முடையது, நாயறிவும் நம்முடையதாய் இருந்தது. இருந்ததை மீட்போம். நிறத்தைத் தள்ளித் திறத்தைப் போற்றுவோம்.